ஐந்து தவணை, பத்து நாள்: ஆப்கானிஸ்தானில் பாதுகாப்புப் பொறுப்பு ஒப்படைப்பு

#1 · கொடிக்கம்பம்

2014 முடிவதற்குள் ஆப்கானிஸ்தான் முழுவதும் பாதுகாப்புப் பொறுப்பை அந்நாட்டுப் படைகளிடம் விட்டுவிடுவது என்று 2010 நவம்பர் லிஸ்பன் மாநாட்டில் நேட்டோ முடிவெடுத்தது. 'இன்தெகால்' என்று பெயர் வைத்து ஐந்து தவணையாகச் செய்தார்கள். முதல் தவணைப் பட்டியலை 2011 மார்ச் 22 அன்று அப்போதைய ஆப்கான் அதிபர் கர்சாய் அறிவித்தார். ஜூலை 17 அன்று பாமியானில் முதல் ஒப்படைப்பு. 2013 ஜூன் 18 அன்று ஐந்தாம் தவணை அறிவிப்பு. தாளில் பார்த்தால் குறை சொல்ல இடமே இல்லை.

எட்டு வருடம் கழித்து, 2021 ஆகஸ்ட் 6 அன்று ஜரஞ்ச் நகரம் தலிபானிடம் விழுந்தது. 15 அன்று காபூல். பத்தே நாள்.

ஊழல், துரோகம், மனவுறுதி என்று எழுதப்பட்டதையெல்லாம் படித்தாயிற்று. நான் கேட்பது வேறு. ஒப்படைப்பு என்றால் நடைமுறையில் கையில் கொடுப்பது என்ன? தளமா, சாவிக்கொத்தா, கோப்பா, கட்டளை அதிகாரமா? எது எங்கே கழன்றது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். வசவு வேண்டாம்.

#2 · சரக்கேடு

'ஒப்படைப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகளைத் திணித்துவிட்டார்கள். குழப்பமே அங்கிருந்துதான் ஆரம்பம்.

இன்தெகாலில் கைமாறியது முன்னிலைப் பொறுப்பு மட்டும். ஒரு மாவட்டத்தில் நடவடிக்கையைத் திட்டமிடுவது யார், முன்னால் போவது யார் என்பதுதான் அதன் பொருள். முதல் தவணையைப் பாருங்கள்: பாமியான், பஞ்ச்ஷிர், சுரோபி நீங்கலாகக் காபூல் மாகாணம், பிறகு மசார்-இ-ஷரீஃப், ஹெராத், லஷ்கர்கா, மெஹ்தர்லாம் நகரங்கள். பஞ்ச்ஷிரிலும் பாமியானிலும் ஏற்கெனவே சண்டை மிகக் குறைவு. பரீட்சை என்று சொன்னால் லஷ்கர்காவும் மெஹ்தர்லாமும்தான். எந்த இடம் எந்தத் தவணை என்று பரிந்துரைத்த கூட்டு வாரியத்தில் ஆப்கான் தரப்புத் தலைவர் அஷ்ரஃப் கனி. பின்னாளில் அதே மனிதர் அதிபராகக் காபூலை விட்டுப் பறந்தார் என்பது தனிக்கதை.

விழா நடந்த மறுநாள் காலையில் என்ன மாறியது? காயம்பட்டவனைத் தூக்க வந்தது பெரும்பாலும் அதே வெளிநாட்டு ஹெலிகாப்டர். டீசலுக்குப் பணம் கட்டியது அதே கை. வான்தாக்குதல் கேட்டால் அதே வானொலி. இது குறையல்ல, திட்டமே அப்படித்தான்: முதலில் முகப்பை மாற்றுவது, பிறகு மெல்லப் பின்னால் நகர்வது.

தளங்களை மூடுவது வேறொரு நாட்காட்டியில் ஓடியது. உச்சத்தில் சாவடிகளையும் சேர்த்துச் சுமார் 800 இடங்கள் இருந்தன. சம்பளம், எரிபொருள், உதிரிபாகம், காயம்பட்டோர் வெளியேற்றம் என்ற சங்கிலி இருக்கிறதே, அதை ஒப்படைக்க நாட்காட்டியே கிடையாது. ஆலோசகர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஒப்பந்த நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று 2021 வரை இழுத்தார்கள். 2021இல் அந்த இரண்டு கூட்டமும் ஒரே கோடையில் வெளியேறியது.

#3 · கொடிக்கம்பம்

நன்றி சார். அப்படியானால் ஒரு படைப்பிரிவு தயார் என்று எப்படி முடிவு செய்தார்கள்? அதற்கு அளவுகோல் இருந்திருக்க வேண்டுமே?

#4 · முழக்கோல்

இருந்தது. மூன்று முறை மாற்றியும் ஆயிற்று.

2010 வரை ஓர் எண் முறை. எத்தனை ஆள், எத்தனை துப்பாக்கி, எத்தனை வண்டி, எவ்வளவு பயிற்சி என்று எண்ணி மதிப்பெண் போடுவது. பொருள் இருந்தால் மதிப்பெண் உண்டு, அதைக் கொண்டு சண்டை போடத் தெரியுமா என்பது அதில் ஏறாது. 2010இல் அதைக் கைவிட்டு, கூட இருக்கும் ஆலோசகரின் மதிப்பீட்டையும் சேர்த்த படிவத்துக்கு மாறினார்கள். அதன் மேல்படிக்கு முதலில் வைத்த பெயர் 'சுயமாக இயங்கும்'. 2011இல் அதே படி 'ஆலோசகருடன் சுயமாக இயங்கும்' ஆனது. கூடவே ஆள் நின்றால் அது என்ன சுயம் என்று கேட்கக் கூடாது. அமெரிக்கக் கண்காணிப்பு அலுவலகமான சிகாரும் இதைச் சுட்டிக்காட்டியது. 2013இல் மறுபடி புதுப் படிவம்.

பெயர் விளையாட்டை விடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. மதிப்பிடுபவர் ஆலோசகர். படை விலகலில் முதலில் கிளம்புபவரும் அவரே. அதனால் ஆள் குறையக் குறைய, அளக்கப்படும் பிரிவுகளும் குறைந்தன. 2015 ஜனவரி 1 முதல் நேட்டோவின் 'உறுதியான ஆதரவு' பணி தொடங்கியபோது, வழக்கமான படையில் ஆலோசகர்கள் கோர் (பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும் படையணி) தலைமையகத்திலும் அமைச்சகத்திலும் மட்டுமே இருந்தார்கள். கீழே கண்டக்கில் (ஆப்கான் படையில் பட்டாலியனுக்கு அதுதான் பெயர்) என்ன நடக்கிறது என்பது கண்டக்கே எழுதி அனுப்பும் தாளில்தான் தெரிந்தது.

ஒப்பிட ஒரு சின்ன நாடு: கிழக்குத் திமோர். அங்கே ஐ.நா. போலீஸ் 2009 மே 14 அன்று லவுதெம் மாவட்டத்தில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாகத் தேசிய போலீஸிடம் பொறுப்பைக் கொடுத்து, 2011 மார்ச் 27 அன்று முடித்தது. நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள்: சூழலுக்கு ஏற்பச் செயல்படும் திறன், தகுதியுள்ள காவலர்களில் குறைந்தது 80 சதவீதம் பேருக்கு இறுதிச் சான்றிதழ், அடிப்படைத் தளவாடம் கையில் இருப்பது, நிறுவன நிலைப்பு. சில மாவட்டங்கள் பின்தங்கின, அவற்றை நிறுத்தி வைத்தார்கள். போர் நடக்கும் நாட்டில் இதே நிதானம் கிடைக்காது என்பது சரி. ஆனால் மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். ஆப்கான் தவணைகளில் அதற்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

#5 · சரக்கேடு

#4 சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அந்தத் தளவாடம் எப்படி நகர்ந்தது என்று ஒரே ஒரு தாளைப் பின்தொடர்ந்தால் புரியும்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் 14ஆம் எண் படிவம், சுருக்கமாக 'மோட்-14'. வண்டிக்கு டயர், துப்பாக்கிக்குத் தோட்டா, அடுப்புக்கு விறகு, எதுவானாலும் இதில்தான் கேட்க வேண்டும். கண்டக்கின் தளவாட அதிகாரி நிரப்புகிறார். தளபதி கையெழுத்து, முத்திரை. பிரிகேடுக்குப் போகிறது, அங்கே கையெழுத்து. கோருக்குப் போகிறது, அங்கும் கையெழுத்து. வட்டாரக் கிடங்கில் சரக்கு இருந்தால் வழங்கல். இல்லையென்றால் காபூல். காபூலில் மறுபடி மேசை மேசையாக ஒப்புதல். எங்காவது ஒரு முத்திரை விட்டுப்போனால் தாள் திரும்பி வரும். திரும்பி வந்தது என்று கேட்டவனுக்குத் தகவல் போகும் என்றும் சொல்ல முடியாது.

இது அமெரிக்கப் பாணி: தேவைப்பட்டவன் கேட்டு இழுக்க வேண்டும். பழைய ஆப்கான் அதிகாரிகள் பழகியது சோவியத் பாணி, மேலிடம் கணக்குப் போட்டு அனுப்பிவைக்கும். இரண்டும் மோதியதில், கீழே இருப்பவன் 'வரும்' என்று காத்திருக்கிறான், மேலே இருப்பவன் 'கேட்கவில்லையே' என்று உட்கார்ந்திருக்கிறான். கேட்டாலும் கிடங்குக்காரர் சுலபத்தில் கொடுக்க மாட்டார். காலிக் கிடங்குக்கு அவர் பதில் சொல்ல வேண்டும், நிரம்பிய கிடங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பதுக்கல் என்று திட்டுகிறோம். அடுத்த லாரி எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் அது ஒருவகையில் புத்திசாலித்தனம்தான்.

இதோடு எழுத்தறிவைச் சேர்த்துப் பாருங்கள். 2009இல் நேட்டோ பயிற்சிப் பணி தொடங்கியபோது படையில் சேர்ந்தவர்களில் எழுத்தறிந்தோர் சுமார் 14 சதவீதம். முதல் நிலை வகுப்பு 64 மணி நேரம், முடித்தால் தனிச் சொற்களை வாசிக்கலாம், 1000 வரை எண்ணலாம். மூன்றாம் வகுப்பு அளவை எட்டுவதற்கு மொத்தம் 312 மணி நேரம். அடிப்படைப் பயிற்சியோடு சேர்த்து முதல் நிலையைத்தான் கொடுக்க முடிந்தது. சுடத் தெரிவதற்கு அது போதும். உதிரிபாக எண் எழுதி, கையிருப்பு கழித்து, மூன்று மாதத் தேவையைக் கணிக்கும் எழுத்தருக்குப் போதாது. அப்படிப்பட்டவர் கிடைத்தாலும் கூடுதல் சம்பளத்துக்கு வெளியே போய்விடுவார். தரைப்படையிலிருந்து மாதந்தோறும் 2 முதல் 3 சதவீதம் பேர் கழன்றார்கள், வருடத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கல்லூரி நடத்துகிற மாதிரி, ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்.

#6 · கணக்கப்பிள்ளை

சம்பளப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. நான் தொடுகிறேன்.

உச்சவரம்பு 3,52,000: ராணுவம் 1,95,000, போலீஸ் 1,57,000. 2012 மே சிகாகோ மாநாட்டில் எதிர்காலத்துக்குப் போட்ட கணக்கு 2,28,500 பேர், ஆண்டுக்கு 410 கோடி டாலர். அதில் 2015 முதல் ஆப்கான் அரசின் பங்கு குறைந்தது 50 கோடி. ஆளைக் குறைக்கும் திட்டம் நடக்கவில்லை, செலவும் குறையவில்லை. தன் படைக்குத் தானே சம்பளம் கொடுக்க முடியாத அரசு, இதுதான் அடித்தளம். 2021 ஜூலையில் பைடன் சொன்ன 'மூன்று லட்சம் பேர்' சம்பளப் பதிவேட்டில் இருந்த எண். அதில் சுமார் 1,18,000 பேர் உள்துறை அமைச்சகத்தின் கீழ், அதாவது போலீஸ். டாங்கிப் படை மாதிரி கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

அதிலும் எத்தனை பேர் நிஜம்? பட்டியலில் மட்டும் இருக்கும் சிப்பாய் ஆப்கானுக்கு மட்டும் உரியவர் அல்லர். ஈராக்கில் அவர்களுக்கு 'விண்வெளிக்காரர்கள்' என்றே கேலிப்பெயர். 2014 ஜூனில் மோசுல் விழுந்த பிறகு, நவம்பர் 30 அன்று பிரதமர் அபாதி நாடாளுமன்றத்தில் சொன்னது 50,000 பெயர்கள்.

இதில் திருட்டை விட மோசமானது கணக்குப் பிழை. கண்டக்கில் 600 பேர் என்று ஏடு சொல்லி நிஜத்தில் 350 பேர் இருந்தால், கோர் தளபதி போடும் ஒவ்வொரு திட்டமும் இல்லாத 250 பேரை எங்கோ நிறுத்திவைத்திருக்கிறது. பக்கத்துச் சாவடி உதவிக்கு வரும் என்று நம்புகிறவனுக்கு அது தெரியாது.

விரல்ரேகை, கருவிழிப் பதிவோடு புதுச் சம்பள மென்பொருள் கொண்டுவந்தார்கள். இப்படி ஒரு மனிதன் உண்டு என்பதை அது நிரூபிக்கும். அவன் இன்றைக்கு வேலைக்கு வந்தானா என்பதை எழுதி அனுப்புவது அதே தளபதிதான். ஓட்டை அடைபடவில்லை, இடம் மாறியது.

உருப்படியாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் வர்தக் மாகாணத்தில் சில போலீஸ்காரர்களுக்குச் சம்பளத்தை மொபைல் போன் வழியாக நேரடியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் சம்பளம் உயர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். உயரவில்லை. நடுவில் கை வைக்க ஆள் இல்லாததால் முழுத்தொகை வந்தது, அவ்வளவுதான். பிறகு ஒரு தளபதி ஆட்களின் போன் சிம்களைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாராம். மனுஷன் மூளை!

#7 · தட்டான்

விமானப்படைக்கு வருவோம். எல்லாரும் பேசுகிற 'சங்கிலி' கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அறுந்தது அங்கேதான்.

ஆப்கான் விமானிகளும் மெக்கானிக்குகளும் பல பத்தாண்டுகளாகப் பழகியது ரஷ்ய எம்ஐ-17. மலை உயரத்தில் சுமை தூக்கும், புழுதி தாங்கும், பராமரிப்பின் பெரும்பகுதியை அவர்களே செய்தார்கள். ரஷ்யா மீதான தடைகள், உதிரிபாகச் சிக்கல், அமெரிக்க நாடாளுமன்ற அழுத்தம் எல்லாம் சேர்ந்து 2017இல் யுஎச்-60 பிளாக் ஹாக்குக்கு மாறும் முடிவு. முதல் திட்டத்தில் 159 ஹெலிகாப்டர்.

பிளாக் ஹாக் மோசமான இயந்திரம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் எம்ஐ-17 தூக்கும் சுமைக்குக் கிட்டத்தட்ட இரண்டு பிளாக் ஹாக் வேண்டும். எம்ஐ-17 எட்டுகிற சில மலை உயரங்களை அது எட்டாது. பராமரிப்பு ஏறக்குறைய முழுவதும் ஒப்பந்த நிறுவன ஆட்கள் கையில். கற்றிருந்த கையை விலக்கிவிட்டு, கற்கப் பல வருடம் பிடிக்கும் இயந்திரத்தைக் கொடுத்தார்கள், கிளம்ப நான்கு வருடம் இருக்கையில்.

2021 ஜனவரியிலேயே விமானப்படை ஆலோசனைப் பிரிவு எழுதிவிட்டது: ஒப்பந்த ஆட்கள் இல்லையென்றால் எந்த வகை விமானமும் சில மாதங்களுக்கு மேல் போருக்கு உதவாது. அப்படியே ஆயிற்று. பிளாக் ஹாக்கின் தயார்நிலை ஏப்ரல், மே மாதங்களில் 77 சதவீதம், ஜூனில் 39. ஒரே மாதம். எஞ்சியவை அளவுக்கு மேல் பறந்ததால் பராமரிப்பு இன்னும் பின்தங்கியது. பறக்கப் பறக்கப் பழுது, பழுதானதால் மிச்சமிருப்பதற்கு இன்னும் அதிகப் பறப்பு. மெக்கானிக்குக்குக் காணொளி அழைப்பில் வெளிநாட்டிலிருந்து வழிசொல்லிப் பார்த்தார்கள். ஒரு முறுக்குவிசைக் கருவி சரியாக அளந்து திருத்தப்பட்டதா என்பதைத் திரை வழியாக எப்படிச் சரிபார்ப்பது?

இதற்கு முன்னோட்டமும் இருந்தது. ஜி222 சரக்கு விமானம் 20 வாங்கினார்கள், திட்டச் செலவு 54.9 கோடி டாலர். உதிரிபாகம் கிடைக்காமல் பெரும்பாலும் தரையிலேயே நின்றன. 2014இல் 16 விமானங்களை உடைத்துப் பழைய இரும்பாக விற்றதில் கிடைத்தது 32,000 டாலர், பவுண்டுக்கு 6 சென்ட். அதிலிருந்து யாரும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை.

#8 · நேர்பேச்சு

எல்லாம் சரி, ஆனால் இழை முழுக்க டயரும் தாளுமாகவே போகிறதே. ஹெலிகாப்டர் பறக்காததால் மட்டும் ஒரு நாடு பத்து நாளில் விழாது. 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் தலிபானும் செய்த தோஹா ஒப்பந்தத்தில் காபூல் அரசு கையெழுத்திடவே இல்லை. தலிபான் கைதிகள் 5,000 பேர் வரை விடுவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. விடுவிக்க வேண்டியது பேச்சுக்கு அழைக்கப்படாத அரசு. அதன்பின் தலிபான் மாவட்டம் மாவட்டமாகப் பெரியவர்களைப் பிடித்துப் பேசியது: சண்டை வேண்டாம், ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, உயிருக்கு நாங்கள் பொறுப்பு. மூன்று மாதமாகச் சம்பளம் வராத போலீஸ்காரன் அதைக் கேட்டுக்கொண்டதில் ஆச்சரியம் என்ன? விழுந்தது படை அல்ல, நம்பிக்கை.

#9 · சரக்கேடு

நேர்பேச்சு, உங்களோடு முக்கால்வாசி உடன்படுகிறேன். மீதி காலுக்கு அதே ஒப்பந்தத்தின் வாசகத்தையே பாருங்கள். 14 மாதத்தில் வெளியேற வேண்டியவர்கள் பட்டியலில் சிப்பாய்கள் மட்டும் இல்லை. தூதரகம் சாராத சிவில் பணியாளர்கள், தனியார் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்கள், பயிற்சியாளர்கள், ஆலோசகர்கள், துணைச் சேவை ஆட்கள் எல்லாருமே உண்டு. #7 சொன்ன 39 சதவீதம் அந்த வரியில்தான் எழுதப்பட்டது. அரசியலும் டயரும் வேறுவேறு இல்லை.

நீங்கள் சொல்லும் பேரம் எங்கே பலித்தது என்றும் பாருங்கள். 2020 வாக்கில் நாடு முழுக்க 10,000க்கு மேற்பட்ட சாவடிகள், ஒவ்வொன்றிலும் சராசரி 10 முதல் 20 பேர். குறையுங்கள் என்று ஆலோசகர்கள் வருடக்கணக்கில் கெஞ்சினார்கள். எடுத்தால் சாலை போகும், ஊர்ப்பெரியவர் கோபப்படுவார், எம்.பி. தொலைபேசியில் கூப்பிடுவார், யாரும் எடுக்கவில்லை. இப்போது பன்னிரண்டு பேர் உள்ள ஒரு சாவடியை எடுங்கள். மண்சுவர், ஓர் இயந்திரத் துப்பாக்கி, கேனில் தண்ணீர், மூட்டையில் மாவு. சாலை கண்ணிவெடியால் அடைபட்டால் எல்லாம் வானத்திலிருந்துதான் வர வேண்டும். ஹெலிகாப்டரில் பாதி தரையில் நின்றால் யாருக்கு முதலில் அனுப்புவது? கமாண்டோக்களுக்கு. சாவடிக்கு வராது. காயம்பட்டவன் விடிய விடியக் கிடக்கிறான். ஐந்தாம் நாள் ஊர்ப்பெரியவர் வந்து பேசும்போது அந்தப் பன்னிரண்டு பேர் என்ன முடிவெடுப்பார்கள்? நம்பிக்கை என்று நீங்கள் சொல்வது அந்த மாவு மூட்டைதான்.

#10 · பழையஏடு

இதே மண்ணில் எதிர் உதாரணம் இருக்கிறது. ஜெனீவா உடன்பாடு 1988 ஏப்ரல் 14. சோவியத் விலகல் மே 15இல் தொடக்கம், பாதிப் படை ஆகஸ்ட் 15க்குள், கடைசி ஆள் 1989 பிப்ரவரி 15. அன்று சோவியத் தளபதி ஜெனரல் குரோமோவ் எல்லையில் ஹைரதான் பாலத்தைக் கடந்தார். சில மாதம்கூட காபூல் அதிபர் நஜிபுல்லா தாங்கமாட்டார் என்றுதான் மேற்கே கணித்தார்கள். மார்ச்சில் முஜாகிதீன்கள் ஜலாலாபாத்தைத் தாக்கினார்கள், பிடிக்க முடியவில்லை. அரசு 1992 ஏப்ரல் வரை நின்றது.

காரணம் மந்திரம் இல்லை. படை போனாலும் சரக்கு நிற்கவில்லை. வடக்கிலிருந்து சலாங் கணவாய் வழியாக லாரித்தொடர், காபூலுக்கு விமானப் பாலம், ஸ்கட் ஏவுகணைகள், எரிபொருள், கோதுமை, கூலிப்படைகளுக்குக் கொடுக்க ரொக்கம். படைக்குப் பழகிய அதே ஆயுதம், அதே உதிரிபாகம். சிற்றூர்ச் சாவடிகளை விட்டுவிட்டு நகரங்களையும் சாலைகளையும் பிடித்துக்கொண்டார்கள். #9 சொன்னதை இவர்கள் செய்தார்கள். 1991 செப்டம்பரில் மாஸ்கோவும் வாஷிங்டனும் 1992 ஜனவரி 1 முதல் இரு தரப்புக்கும் ஆயுத உதவியை நிறுத்துவதென்று ஒப்புக்கொண்டன. காசும் டீசலும் நின்றதும் அதுவரை அரசுப் பக்கம் நின்ற படைத்தலைவர் தோஸ்தம் கட்சி மாறினார், நான்கே மாதத்தில் ஆட்டம் முடிந்தது.

தென் வியட்நாமும் கிட்டத்தட்ட இதே வரிசை. 1972 கடைசியில் அமெரிக்கா அவசர அவசரமாக விமானமும் டாங்கியும் கொண்டுவந்து குவித்தது. 1973 ஜனவரி 27 பாரிஸ் ஒப்பந்தம். 1975 நிதியாண்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய ராணுவ உதவி 70 கோடி டாலராகச் சுருங்கியது. பீரங்கிக்குக் குண்டு ரேஷன், விமானங்கள் மூடிவைப்பு. அமெரிக்கப் பாணியில் தாராளமாகச் சுடப் பழக்கிவிட்டுக் குண்டைக் குறைத்தால் அந்தப் படைக்கு வேறு பாணி தெரியாது. ஏப்ரல் 30 சைகோன்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு: 1990 மார்ச் 24 அன்று இந்திய அமைதிப்படை இலங்கையிலிருந்து கிளம்பும் முன் வடகிழக்கில் எழுப்பிவிட்டுப்போன தமிழ்த் தேசிய ராணுவம். கட்டாயமாகப் பிடித்துவரப்பட்ட பையன்கள், சில வாரப் பயிற்சி, கையில் துப்பாக்கி. பின்னால் கருவூலமும் இல்லை, சங்கிலியும் இல்லை. அமைதிப்படை ஒவ்வோர் ஊராகக் காலி செய்தபோதே அது உதிர்ந்தது, ஆயுதங்கள் புலிகள் கைக்குப் போயின.

#11 · மட்டுறுத்துநர்

கடைசிப் பத்தியைப் பிடித்துக்கொண்டு வந்த ஒன்பது பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இலங்கை விவாதம் அங்கே தொடரட்டும். இங்கே ஒப்படைப்பின் நடைமுறை மட்டும்.

#12 · மணல்கூடை

தளம் கைமாறுவதைப் பற்றிக் கொடிக்கம்பம் முதலிலேயே கேட்டார், யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை.

முதல் தவறு அளவு. ஹெல்மண்டில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளின் பாஸ்டியன்-லெதர்நெக் வளாகத்தின் சுற்றளவு சுமார் 40 கிலோமீட்டர். 2014 அக்டோபர் 26 அன்று ஆப்கான் படையிடம் கொடுத்தார்கள். கணக்குப் போடுங்கள்: 400 மீட்டருக்கு ஒரு காவல் கோபுரம் என்றால் 100 கோபுரம். கோபுரத்துக்கு இருவர், மூன்று முறை மாற்று, அதுவே ஆறு பேர். விடுப்பு, நோய், சமையலுக்கு இரண்டு சேர்த்தால் எட்டு. ஆக 800 பேர் வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு மட்டும். ஒரு முழுக் கண்டக்கும் போதாது. வெளிநாட்டுப் படை காவலில் இருந்தபோதே 2012 செப்டம்பரில் 15 பேர் வேலியை அறுத்து உள்ளே வந்து ஆறு ஹாரியர் விமானங்களை அழித்தார்கள்.

அதனால் சாவி கொடுப்பதற்கு முன் தளத்தைச் சுருக்க வேண்டும். வாங்கப்போகும் பிரிவின் நிஜ எண்ணிக்கையை (#6 படித்தீர்கள்தானே, ஏட்டு எண்ணிக்கையை அல்ல) எடுத்து, அவர்கள் காக்கக்கூடிய சுற்றளவுக்கு உள்வேலி போட்டு, வெளியே உள்ள மண் நிரப்பிய கம்பிக்கூடைச் சுவர்களை இடித்துச் சமப்படுத்திவிட வேண்டும். நிற்கவிட்டால் எதிரிக்கு மறைவு.

அடுத்தது மின்சாரம். பெரிய தளங்கள் டீசல் ஜெனரேட்டரில் ஓடுகின்றன. 500 கிலோவாட் இயந்திரம் முக்கால் சுமையில் மணிக்குச் சுமார் 100 லிட்டர் குடிக்கும், ஒரு நாளைக்கு 2,400. இருபதாயிரம் லிட்டர் டாங்கர் எட்டு நாள். பத்தாயிரம் பேருக்கு அமைத்ததை அறுநூறு பேருக்குக் கொடுத்தால் வேறொரு வினோதம்: சுமை 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, எரியாத டீசல் புகைக்குழாயில் கறுப்புப் பிசினாகப் படியும். நாளடைவில் சக்தி இழக்கும். பெரியதைத் தூக்கிக்கொண்டு போய், 60, 100 கிலோவாட் சிறியதாக இரண்டு மூன்று வைத்துவிட்டுப் போவதே சரி, ஒன்று ஓய்வெடுக்க மற்றது ஓடும். தண்ணீருக்கும் இதே நியாயம்: வடிகட்டிச் சவ்வு மாற்ற வேண்டிய நவீன இயந்திரத்தை விட ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் மேல்.

பிறகுதான் இருப்புப் பட்டியல். இரு தரப்பும் அறை அறையாகச் சேர்ந்து நடந்து எழுத வேண்டும். எது தங்கும், எது போகும், எது உடைக்கப்படும் என்று மூன்று நிறச் சீட்டு. சாவிகளுக்கு எண் குறித்த தகடு. கழிவுக்குழி, எண்ணெய் ஊறிய மண், வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள் எங்கே என்று வரைபடம். பயிற்சிச் சுடுதளத்தைக் குறிக்காமல் போனால் பின்னால் இரும்பு பொறுக்க வரும் பிள்ளைகள் கால் இழப்பார்கள். கடைசியாக, இரண்டு காவலும் சில நாள் சேர்ந்து நிற்க வேண்டும். கொடி இறக்குவதெல்லாம் அதற்குப் பிறகு பத்து நிமிட வேலை.

காபூலுக்கு வடக்கே உள்ள பெரிய விமானத்தளமான பக்ராமை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். 2021 ஜூலை 1 இரவு அமெரிக்கப் படை கிளம்பியது. இரு தரப்புக் காவலும் சேர்ந்து நிற்கவில்லை. மின்சாரம் நின்றது, இருட்டில் கொள்ளைக்காரர்கள் உள்ளே வந்து வாரிப்போனார்கள். போய்விட்டார்கள் என்பதே காலையில்தான் தெரியும் என்று தளத்தின் புதுத் தளபதி ஜெனரல் கோஹிஸ்தானி நிருபர்களிடம் சொன்னார். முன்கூட்டியே பேசிவிட்டோம் என்றது அமெரிக்கத் தரப்பு. நேரத்தைச் சொல்லாமல் விட்டதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு, வெளியேறும் தொடர்தான் மிக எளிய இலக்கு. ஆனால் விளைவைப் பாருங்கள்: அவர் கணக்கில் 35 லட்சம் பொருட்கள் மிச்சம், தண்ணீர் பாட்டிலும் உணவுப் பொட்டலமும் உட்பட. ஆயிரக்கணக்கான வண்டிகள், பலவற்றுக்குச் சாவி இல்லை. உள்ளே சுமார் 5,000 கைதிகள் கொண்ட சிறை.

#13 · முழக்கோல்

மணல்கூடைக்கு ஒரு துணைக்குறிப்பு. சேர்ந்து நிற்க வாங்குபவரும் சம்மதிக்க வேண்டும். மாலியில் 2023 ஜூன் 30 அன்று ஐ.நா. படையின் பணியை முடித்து, டிசம்பர் 31க்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கில் அரசுப் படையும் ஆயுதக் குழுக்களும் காலியாகும் தளங்களுக்காக மோத ஆரம்பித்தன. ஐ.நா. படையில் வண்டியும் ஆயுதமும் பெரும்பாலும் படை அனுப்பிய நாட்டுக்குச் சொந்தம், கட்டடம் மட்டும்தான் உள்ளூர் அரசுக்கு. எடுத்துச்செல்ல லாரித்தொடருக்கும் விமானத்துக்கும் அனுமதி தாமதமானதால் பல பொருட்களை அங்கேயே அழித்தார்கள். வடக்கு நகரமான கிடாலில் நவம்பரில் கிளம்ப வேண்டியவர்கள் அக்டோபர் 31 அன்றே கிளம்பினார்கள். காவோ வரை நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள், வழியில் பல முறை கண்ணிவெடி. காலியான தளத்தில் ஆயுதக் குழுக்கள் நுழைந்தன. மாலி ராணுவமும் ரஷ்யக் கூலிப்படையான வாக்னரின் ஆட்களும் நவம்பர் 14 அன்றுதான் நகரைப் பிடித்தார்கள்.

#14 · கொடிக்கம்பம்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. #7இல் சொன்ன ஹெலிகாப்டர்களும் விமானங்களும் கடைசியில் என்ன ஆயின?

#15 · தட்டான்

மூன்று திசையில் போயின. காபூல் விழுந்த நாட்களில் விமானிகள் பலர் குடும்பத்தோடு உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தானுக்குப் பறந்துவிட்டார்கள். உஸ்பெகிஸ்தானின் டெர்மெஸ் ஓடுதளத்தில் வரிசையாக நிற்கும் படம் பார்த்திருப்பீர்கள். காபூல் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட 73 விமானங்களை, ஆகஸ்ட் 30 இரவு கிளம்பும் முன் அமெரிக்கப் படை மறுபடி பறக்க முடியாதபடி முடக்கிவிட்டுப் போனது. மீதி தலிபானிடம். அதில் சிலவற்றை அவர்கள் பறக்கவிட்டும் காட்டினார்கள், பழைய மெக்கானிக்குகளைத் தேடிப் பிடித்து.

எம்ஐ-17இல் சில அப்போது நாட்டிலேயே இல்லை, பெரிய பழுதுபார்ப்புக்காக உக்ரைன் போயிருந்தன. அவற்றில் ஐந்தை 2022 தொடக்கத்தில் அமெரிக்கா உக்ரைனுக்கே கொடுத்துவிட்டது. ஏப்ரலில் ஆப்கானுக்கென்று வைத்திருந்த இன்னும் 11.